புதுப்பிப்பு: குளிரில் சூடேறாத மின்சாரக் கார்

ஒட்டாவாவின் மைனஸ் 20 டிகிரிக் குளிரில் என் மின்சாரக் காரின் ஹீட்டர் குளிர்காற்றையே ஊதுகிறது என்றும், துரித மின்னேற்றமும் மந்தமாகிவிட்டது என்றும் ஜனவரியில் எழுதியிருந்தேன். பணிமனையில் சோதித்தபோது, வெளிக்காற்றின் வெப்பத்தை இழுத்துக் காருக்குள் சூடேற்றும் வெப்பப் பம்பின் அழுத்தத்தை அளக்கும் சென்சார் பழுதானதால் பம்பே இயங்காமல் நின்றிருந்தது தெரியவந்தது; கட்டைவிரல் அளவேயுள்ள அந்த உறுப்பை உத்தரவாதத்தில் மாற்றிக் கொடுத்தார்கள். இப்போது முன்கண்ணாடியின் உட்புறப் பனிப்படலம் பத்து நிமிடத்தில் கரைந்துவிடுகிறது.

மின்னேற்றம் மந்தமானதற்கோ பழுது காரணமல்ல: உறைநிலைக்குக் கீழே வேகமாக மின்னேற்றினால் பேட்டரியிலுள்ள லித்தியம் அதன் கிராஃபைட் மின்வாயின்மீது (எலெக்ட்ரோடு) உலோகமாகப் படிந்து பேட்டரியைக் கெடுக்கக்கூடும் என்பதால், பேட்டரி சூடாகும்வரை காரே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்கிறது. (விற்றவர்கள் இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.) ஆகவே, வீட்டு மின்னேற்றியில் செருகியிருக்கும்போதே, புறப்படுவதற்கு அரைமணி முன்னதாகப் பேட்டரியைச் சூடாக்கிவிடுகிறேன். கோடையில் 400 கிலோமீட்டர் ஓடிய வண்டி இப்போது 280 வரை ஓடுகிறது.