சான்றளிப்பு, தேர்ந்தேற்பு: ‘அக்ரெடிடேஷன்’ என்பதற்கு ஒரு சொல்

வணக்கம் நண்பர்களே,

மொழியின் வழியே எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றலாம் என்று கூறும் ‘நரம்பியல்-மொழியியல் நிரலாக்கம்’ என்னும் பயிற்சிமுறையைக் கற்பிக்கும் பயிற்றுநர்களுக்கான தொழில்முறைத் தரநிலை ஆவணம் ஒன்றைத் தமிழாக்கும்போது, ‘அக்ரெடிடேஷன்’ என்பதற்கு எந்தச் சொல்லை ஆளலாம் என்று கேட்டிருந்தேன். அங்கீகாரம், ஏற்பளிப்பு, தரச்சான்று, நம்பகமளிப்பு என்று நான்கு சொற்களைத் தந்திருக்கிறீர்கள். நான்கையும் ஆவணத்தின் வாக்கியங்களுக்குள் இட்டுப் படித்துப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

முதலில், இந்தக் கேள்வி எனக்கு எங்கிருந்து எழுந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இத்துறையில் பயிற்சி முடித்த ஒருவர் தம் சான்றிதழை மொழிபெயர்த்துத் தரும்படி கேட்டிருந்தார். வழவழப்பான தடித்த தாள். கீழ் மூலையில் பொன்னிற முத்திரை. மேல்வரியில் ‘சர்ட்டிஃபைடு’ என்றும், நடுவில் பாடத்திட்டத்தைப் பற்றி ‘அப்ரூவ்டு’ என்றும், அடியில் சங்கத்தைப் பற்றி ‘அக்ரெடிட்டட்’ என்றும் இருந்தது. முதல் வரைவில் மூன்றையும் நான் ‘அங்கீகாரம் பெற்ற’ என்றே எழுதியிருந்தேன். திருத்தும்போதுதான் கையொப்பங்களைக் கவனித்தேன். இடப்பக்கம் பயிற்றுநராகவும் வலப்பக்கம் சங்கத் தலைவராகவும் ஒப்பமிட்டிருந்தவர் ஒருவரே. கற்பித்தவரும் சோதித்தவரும் அந்தச் சோதனை சரியானது என்று உறுதி சொன்னவரும் ஒரே ஆள் என்னும் உண்மையை என் மொழிபெயர்ப்பு மூன்று ‘அங்கீகார’ங்களால் மூடி மறைத்திருந்தது. மூலத்தில் மங்கலாகவேனும் தெரிந்த ஒன்று தமிழில் அடியோடு காணாமற் போயிருந்தது. அது என் பிழை.

ஆகவே நமக்கு வேண்டிய கலைச்சொல், யார் யாரைச் சோதித்தார் என்பதைக் காட்ட வேண்டும். பன்னாட்டுத் தரநிலைகள் இந்த வேறுபாட்டைத் தெளிவாகவே வகுத்திருக்கின்றன. ஐ.எஸ்.ஓ. 17000 தரும் வரையறைப்படி ‘சர்ட்டிஃபிகேஷன்’ என்பது பொருள்கள், செயல்முறைகள், மேலாண்மை முறைமைகள், ஆட்கள் போன்றவை குறித்து மூன்றாம் தரப்பினர் அளிக்கும் உறுதி. ‘அக்ரெடிடேஷன்’ என்பதோ, அப்படி உறுதியளிக்கும் அமைப்புக்கே குறிப்பிட்ட பணிகளைச் செய்யும் தகுதி உண்டு என்று அதற்கும் மேலுள்ள ஓர் அமைப்பு ஆய்ந்து கூறுவது. ஆட்களுக்குச் சான்றளிக்கும் அமைப்புகளுக்கான தரநிலை ஐ.எஸ்.ஓ. 17024, அது 2003இல் வெளிவந்து 2012இல் திருத்தப்பட்டது. அந்தச் சான்றளிப்பு அமைப்புகளைச் சோதிக்கும் அமைப்புகளுக்கான ஐ.எஸ்.ஓ. 17011இன் இப்போதைய பதிப்பு 2017ஆம் ஆண்டினது. இவ்வரையறைகளின்படி பார்த்தால் தனி ஆள் எவரும் ‘அக்ரெடிட்டட்’ ஆவதில்லை. பயிற்றுநர் பெறுவது சான்றளிப்பு; அதை அளித்த அமைப்பு பெறவேண்டியதே நாம் பெயர் தேடும் அந்த மற்றொன்று.

17024இல் நம் விவாதத்துக்கு மிகவும் வேண்டிய பகுதி நடுநிலை பற்றியது. பயிற்சியும் சான்றளிப்பும் ஒரே சட்ட அமைப்பின்கீழ் நடப்பதை நடுநிலைக்கு நேரும் அச்சுறுத்தல் என்றே அது குறிப்பிடுகிறது. எங்களிடம் படித்தால் சான்று எளிதாகக் கிடைக்கும் என்று உணர்த்துவதையும் அது தடுக்கிறது. நரம்பியல்-மொழியியல் நிரலாக்கத் துறையில் பரவலாக நடப்பது இதற்கு நேர்மாறு. 1970களில் சான்டா குரூஸில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகச் சூழலில் ரிச்சர்ட் பேண்ட்லரும் ஜான் கிரிண்டரும் உருவாக்கிய முறை இது. 1990களில் பெயருரிமை குறித்து வழக்குகள் நடந்தன. ஆயினும் அப்பெயர் எவரும் ஆளக்கூடிய பொதுப்பெயராகவே நிலைத்துவிட்டது. அதனால் யாரும் ஒரு சங்கத்தைத் தொடங்கலாம். அச்சங்கம் தன் பயிற்றுநர்களுக்குத் தானே பட்டம் தரலாம். செயல்முறையாளர், முதுநிலைச் செயல்முறையாளர், பயிற்றுநர் என்னும் படிநிலைகள் எல்லாச் சங்கங்களிலும் ஏறத்தாழ ஒன்றுபோல ஒலித்தாலும், ஒன்று 130 மணி நேர வகுப்பைக் கேட்கும்போது மற்றொன்று ஒரு வாரத்திலேயே அதே பட்டத்தைத் தந்துவிடுகிறது. 2009இல் பிபிசி நிகழ்ச்சியாளர் ஒருவர் ஜார்ஜ் என்னும் தம் பூனையைப் பிரிட்டனில் இத்துறை சார்ந்த ஓர் அமைப்பிலும் மனவசிய மருத்துவ அமைப்புகள் சிலவற்றிலும் பதிவு செய்து காட்டினார். பதிவும் உறுப்பினர் சேர்க்கையும் சோதனை ஆகா என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பூனைக்குக் கிடைத்தது பதிவு மட்டுமே. அதையும் நாம் ‘அங்கீகாரம்’ என்றுதானே தமிழில் எழுதிக்கொண்டிருப்போம்?

இனி, வந்த சொற்களைப் பார்ப்போம்.

‘அங்கீகாரம்’ தேய்ந்துவிட்ட சொல். அரசின் ஒப்புதல், கட்சித் தகுதி, பாராட்டு, காதலுக்குக் கிடைக்கும் குடும்பச் சம்மதம் எல்லாவற்றுக்கும் அது பயன்படுகிறது. பொது வழக்குக்கு அதை விட்டுவிடுவோம். ‘தரச்சான்று’ எழுதப் பழகிய சொல்தான். ஆனால் ‘சான்று’ அதற்குள் இருப்பதால் சான்றளிப்போடு கலந்துவிடுகிறது. மேலும் தமிழில் ‘தரம்’ என்றால் படிநிலையும் உண்டு, உயர்வும் உண்டு. ‘தரமான பொருள்’ என்றாலே நல்ல பொருள்தான். இத்துறையில் அது ஆபத்தானது. அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் குழு 1988இல் இம்முறையின் கூற்றுகளுக்கு ஆதாரம் காணவில்லை; கண்ணசைவைக் கொண்டு பொய்யைக் கண்டறியலாம் என்னும் கூற்றும் 2012இல் வெளியான சோதனைகளில் நிற்கவில்லை. பயிற்றுநர் ஒழுங்காகச் சோதிக்கப்பட்டார் என்பது ஒன்று. அவர் கற்பிப்பது மெய் என்பது வேறொன்று. முன்னதைச் சொல்ல வந்த சொல் பின்னதையும் சேர்த்துச் சொல்லிவிடக் கூடாது. இதே காரணத்தால்தான் ‘தரநிலை’யிலும் எனக்குச் சிறு தயக்கம் உண்டு. ஈழத்து வழக்கில் உள்ள ‘தராதரம்’ ஏற்ற இறக்கம் இரண்டையும் தன்னுள் வைத்திருக்கும் அழகான சொல். என்றாலும் ‘தரநிலை’ வேரூன்றிவிட்டதால் அதை மாற்றச் சொல்லமாட்டேன்.

‘நம்பகமளிப்பு’ என்று எழுதிய நண்பர், மூலச்சொல்லின் லத்தீன் வேரில் நம்பிக்கை இருப்பதைச் சுட்டியிருந்தார். அது உண்மைதான். ஆனால் நம்பகத்தை யாரும் அளிக்க முடியாது. சோதித்த பின் அது விளைகிறது. ‘ஏற்பளிப்பு’ இலக்கணமாகவும் சுருக்கமாகவும் இருக்கிறது. இருந்தும் எதைப் பார்த்து ஏற்றார்கள் என்பதற்கு அதில் இடமில்லை. விண்ணப்பத்தை வாங்கி, கட்டணத்தைப் பெற்று, அப்படியே ஏற்றுக்கொண்டாலும் அது ஏற்பளிப்புதான்.

சோதித்து நம்புதல் என்னும் கருத்து நமக்குப் புதிதன்று. திருக்குறளில் ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. ஆராயாமல் யாரையும் நம்பாதே என்று சொல்லும் 509ஆம் குறள் ‘தேர்ந்தபின் தேறுக’ என்கிறது. அங்கே ‘தேர்தல்’ என்பது ஆராய்தல். ‘தேறுதல்’ என்பது நம்புதல். இன்று தேர்வில் ‘தேறினான்’ என்கிறோமே, அதன் அடியில் இந்தப் பழம்பொருள் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. ஆகவே ‘தேர்ந்து’, ‘ஏற்பு’ இரண்டையும் சேர்த்துத் ‘தேர்ந்தேற்பு’ என்னும் சொல்லை முன்வைக்கிறேன். ஆராய்தல் முதலில், ஏற்றல் பின்னால் என்னும் வரிசை சொல்லிலேயே இருக்கிறது. தேர்ந்தேற்பு அமைப்பு, தேர்ந்தேற்பு பெற்ற, தேர்ந்தேற்பு நீக்கம், மறுதேர்ந்தேற்பு என்று கிளைக்கவும் செய்கிறது.

‘தேர்ந்தெடுப்பு’ என்று கண் தவறிப் படிக்கக்கூடும் என்பது ஒரு குறை. இரண்டு நாள் என் வரைவை வேறொருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். முதல் பக்கத்தில் ஒரே ஓரிடத்தில் தடுமாறினார், அதன்பின் தடுமாறவில்லை. ‘ஆய்ந்தேற்பு’ என்றால் இக்குறை நீங்கும். ஆனால் ஆய்வு, ஆராய்ச்சி என்னும் பக்கம் சொல் சாய்ந்துவிடுகிறது. இதில் உங்கள் கருத்தை அறிய மிகவும் விரும்புகிறேன்.

உடன்வரும் சொற்களையும் கூறிவிடுகிறேன். ‘பயிற்சியாளர்’ கற்பிப்பவரையும் கற்பவரையும் ஒருசேரக் குறித்துக் குழப்புவதால் பயிற்றுநர், பயிலுநர் என்றே பிரித்து ஆள்வோம். பயிற்சியை முடித்ததற்குத் தருவது ‘நிறைவுச் சான்றிதழ்’. தனித் தேர்வு வைத்துத் தருவது மட்டுமே ‘சான்றளிப்பு’. எந்தெந்தப் பணிகளுக்குத் தேர்ந்தேற்பு செல்லும் என்னும் வரம்பைச் ‘செயற்பரப்பு’ எனலாம். நரம்பியல்-மொழியியல் நிரலாக்கத்தை ஆங்கில முதலெழுத்துகளால் ‘என்எல்பி’ என்று சுருக்குவதை மட்டும் தவிர்த்துவிட வேண்டும். கணினித் தமிழில் உழைப்பவர்களுக்கு அது இயல்மொழிச் செயலாக்கத்தின் சுருக்கம்.

ஆவணத்தின் ஏழாம் பத்தியில் இச்சொற்களை வைத்து எழுதியிருக்கும் வாக்கியம் இது: “பயிற்றுநருக்குச் சான்றளித்த அமைப்பு தேர்ந்தேற்பு பெற்றதா, பெற்றதாயின் எந்த அமைப்பிடமிருந்து, எந்தச் செயற்பரப்புக்கு என்பதையும், பயிற்சி அளித்தவரே தேர்வையும் நடத்தியிருந்தால் அதனையும், நிறைவுச் சான்றிதழின் முகப்பிலேயே குறிப்பிட வேண்டும்.” இதில் ‘தேர்ந்தேற்பு’ உங்கள் காதுக்கு இடறினால், மாற்றுச் சொல்லை இதே வாக்கியத்தில் பொருத்தி எழுதி அனுப்புங்கள்.