உதவி தேவை: வீ யூவும் ஸ்விட்சும் என் ஷீட்டில் ஒரே மாதிரி தெரிகின்றன, கணிப்பு எங்கே தப்புகிறது?

கேள்வி: மூன்றாம்_செமஸ்டர்

வணக்கம். எம்எஸ்சி புள்ளியியல் படிக்கிறேன். புது கேம் கன்சோல் வெளியான முதல் சில மாத எண்களை வைத்தே அது ஓடுமா ஓடாதா என்று சொல்ல முடியுமா என்பதுதான் என் புராஜெக்ட். சேகாவின் டிரீம்காஸ்டிலிருந்து சோனியின் பிஎஸ் 5 வரை 12 கன்சோல்களைச் சேர்த்திருக்கிறேன். வெளியீட்டு விலை, முதல் நாளில் கிடைத்த கேம்கள், முந்தைய கன்சோலின் மொத்த விற்பனை, முதல் காலாண்டு விற்பனை என்று 9 நெடுவரிசைகள். ஒவ்வொரு கன்சோலாக எடுத்து வெளியே வைத்துவிட்டு, மீதி 11-ஐ வைத்து அதைக் கணிக்கிறேன்.

சிக்கல் இதுதான். வீ யூ, ஸ்விட்ச் இரண்டுமே நிண்டெண்டோ கன்சோல்கள். வீ யூ 2012 நவம்பர் 18-ல் வந்தது, டிசம்பர் கடைசிக்குள் 30.6 லட்சம். ஸ்விட்ச் 2017 மார்ச் 3-ல் வந்தது, அந்த மாதக் கடைசிக்குள் 27.4 லட்சம். அமெரிக்காவில் இரண்டுக்கும் ஆரம்ப விலை 299.99 டாலர். வீ யூவுக்கு முன்னால் வந்த வீ 10 கோடிக்கு மேல் விற்றது. ஸ்விட்சுக்கு முன்னால் வந்ததோ வீ யூ. இதையெல்லாம் வைத்து ஷீட் வீ யூதான் பெரிய வெற்றி என்கிறது. உண்மையில் வீ யூ மொத்தமே 1.356 கோடி, ஸ்விட்ச் 15 கோடியைத் தாண்டிவிட்டது.

நிண்டெண்டோவின் கையடக்கக் கன்சோல் 3டிஎஸ்ஸும் இதே கதை. 2011 மார்ச் கடைசிக்குள் 36.1 லட்சம், முடிவில் 7.59 கோடி. ஏறக்குறைய ஒரே தொடக்கம், மூன்றும் மூன்று திசையில் போயின. சூத்திரத்தை நான்கு முறை சரிபார்த்துவிட்டேன். வெள்ளிக்கிழமை கைடிடம் காட்ட வேண்டும். எங்கே பார்க்க வேண்டும் என்று சொன்னால் பெரிய உதவி.

பதில் 1: எண்ணோடு_பழகு

சூத்திரத்தில் தவறு இருக்காது. உள்ளே போடும் எண்களைப் பாருங்கள்.

முதலில் அந்த ‘முதல் காலாண்டு’. வீ யூவுக்கு அது கிறிஸ்துமஸ் அடங்கிய ஆறு வாரம். ஸ்விட்சுக்குப் பண்டிகை எதுவும் இல்லாத நான்கு வாரம். 3டிஎஸ் ஜப்பானில் பிப்ரவரி 26, அமெரிக்காவில் மார்ச் 27. அதாவது அந்த 36.1 லட்சத்துக்குப் பின்னால் அமெரிக்காவில் வெறும் ஐந்து நாள்தான் இருக்கிறது. கம்பெனியின் கணக்கு முடியும் தேதியில் வெட்டிய துண்டுகள் இவை. ஒன்றோடு ஒன்று ஒப்பிடவே கூடாது.

அடுத்தது, எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கு மொத்த விற்பனை என்று என்ன போட்டிருக்கிறீர்கள்? மைக்ரோசாஃப்ட் 2015-லேயே கன்சோல் எண்ணிக்கை சொல்வதை நிறுத்திவிட்டது. இணையத்தில் கிடைப்பதெல்லாம் யாரோ போட்ட மதிப்பீடு. அந்த வரிசையை எடுத்துவிடுங்கள், எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் இருந்தால் அதையும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 12 வரிசைக்கு 9 நெடுவரிசை என்றால் ஷீட் எதையும் கற்றுக்கொள்ளாது, மனப்பாடம்தான் செய்யும். ஒன்றை வெளியே எடுத்தவுடன் தடுமாறுவது அதனால்தான்.

பதில் 2: டொரன்டோ_ராத்திரி

தம்பி, 2012-ல் நான் இங்கே ஒரு கேம் கடையில் பகுதி நேரமாக நின்றேன். வீ யூ வந்த வாரம் கடை வாசலில் வரிசை. தை மாதம் பிறக்கும்போது பின்னறையில் வெள்ளைப் பெட்டிகள் என் தோள் உயரத்துக்கு அடுக்கியபடியே இருந்தன. ஒரு அம்மா பெட்டியைக் கையில் எடுத்து, முன்பக்கத்தில் இருக்கும் அந்தப் பெரிய திரை வைத்த கைப்பிடியைக் காட்டி, “இதை வீட்டில இருக்கிற வீயோட சேர்க்கலாமா?” என்று கேட்டார். அவர் ஒருவர் மட்டும் இல்லை. கிழமைக்கு நாலைந்து பேராவது இதையே கேட்பார்கள். இல்லை அம்மா, இது புது மெஷின் என்று சொன்னால் பெட்டியைத் திரும்ப வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். இது வீயோடு சேர்க்கும் ஒரு பலகை என்றே பலரும் நினைத்துவிட்டார்கள் என்று அப்போதைய நிண்டெண்டோ தலைவர் இவாட்டாவே பிறகு ஒத்துக்கொண்டார்.

நான் சொல்ல வருவது, நீங்கள் விற்பனை என்று போட்டிருக்கும் எண் கம்பெனி கடைகளுக்கு அனுப்பிய எண். எங்கள் பின்னறையில் அடுக்கிய பெட்டிகளும் அந்த 30.6 லட்சத்தில்தான் இருக்கின்றன. 2013 ஏப்ரலில் இருந்து ஜூன் வரை உலகம் முழுவதும் போன வீ யூ 1.6 லட்சம் மட்டுமே. கடைகளில் இருந்ததே போகவில்லை, பிறகு எப்படிப் புதிதாகக் கேட்பார்கள்?

முதல் நாள் முதல் காட்சிக் கூட்டத்தை வைத்து நூறாவது நாளைச் சொல்ல முடியுமா? ரசிகர்கள் எந்தப் படத்துக்கும் வருவார்கள். திங்கட்கிழமை மத்தியானக் காட்சிக்கு எத்தனை பேர் என்று பார்க்க வேண்டும். 2013 நவம்பரில் பிஎஸ் 4-உம் எக்ஸ்பாக்ஸ் ஒன்னும் ஒரு வார இடைவெளியில் வந்தன. இரண்டும் முதல் 24 மணி நேரத்தில் 10 லட்சம் தாண்டின. ஒன்று 399 டாலர், மற்றது கைனெக்ட் என்ற கேமராவோடு சேர்த்து 499. அந்த நூறு டாலர் வித்தியாசம் முதல் நாளில் துளியும் தெரியவில்லை, பிறகுதான் தெரிந்தது.

மூன்றாம்_செமஸ்டர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. எக்ஸ்பாக்ஸ் வரிசைகள் இரண்டையும் எடுத்துவிட்டேன், இப்போது 10. முதல் காலாண்டுக்குப் பதிலாக அடுத்த காலாண்டைப் போட்டேன். வீ யூ தோல்வி என்று உடனே சரியாக வந்தது. ஆனால் இப்போது 3டிஎஸ் போய்விட்டது! அது வீ யூவை விட மோசமாகத் தோற்கும் என்கிறது ஷீட்.

பதில் 3: கட்டம்_போட்ட_நோட்டு

உங்கள் ஷீட்டைத் திறந்து பார்த்தேன். 3டிஎஸ், 2011 ஏப்ரல் முதல் ஜூன், 71 என்று இருக்கிறது. அதை 71 ஆயிரமாக எடுத்திருக்கிறீர்கள். நிண்டெண்டோ கணக்கு அறிக்கையில் அலகு பத்தாயிரம். ஜப்பானியர்கள் நம் லட்சம் மாதிரி பத்தாயிரத்தை வைத்தே எண்ணுவார்கள். ஆக அது 7.1 லட்சம். வீ யூ வரிசையில் சரியாகத்தான் மாற்றியிருக்கிறீர்கள், இதில் மட்டும் விட்டுப்போயிருக்கிறது.

திருத்தினாலும் 3டிஎஸ் தோல்வி என்றே வரும். அதற்குக் காரணம் வேறு. அந்தக் காலாண்டு நிஜமாகவே மோசம். அதைப் பார்த்துத்தான் 2011 ஆகஸ்டில் அமெரிக்க விலையை 249.99 டாலரிலிருந்து 169.99-க்கு இறக்கினார்கள். வெளியாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. இவாட்டா தன் சம்பளத்தில் பாதியைக் குறைத்துக்கொண்டார். முழு விலை கொடுத்து முதலிலேயே வாங்கியவர்களுக்கு 20 பழைய கேம்களை இலவசமாகக் கொடுத்தார்கள். உங்கள் ஷீட் சொன்னது பிழையில்லை, அப்படியே விட்டிருந்தால் அதுதான் நடந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன். கம்பெனி கைகட்டி உட்கார்ந்திருக்கும் என்று ஷீட் நம்புகிறது, அவ்வளவுதான். ‘முதல் ஆண்டில் விலை குறைந்ததா’ என்று ஒரு நெடுவரிசை வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், எனக்குப் பலன் கொடுத்த ஒரு வழி. விற்பனை எண்ணைத் தனியாகப் பார்க்காமல், கம்பெனி தானே அறிவித்த இலக்கால் வகுத்துப் பாருங்கள். பண்டிகை எப்போது, எத்தனை பெட்டி தயாராகும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும், அந்த இலக்கில் அது அடங்கிவிடும். முதல் முழு நிதியாண்டுக்கு:

வீ யூ, இலக்கு 90 லட்சம், போனது 27.2 லட்சம். விகிதம் 0.30.
3டிஎஸ், இலக்கு 1.6 கோடி, போனது 1.353 கோடி. 0.85, அதுவும் விலை குறைத்த பிறகு.
ஸ்விட்ச், இலக்கு 1 கோடி, போனது 1.505 கோடி. 1.5.

உங்கள் மூன்று கன்சோல்களும் பிரிந்துவிட்டன, பாருங்கள்.

பதில் 1: எண்ணோடு_பழகு

நல்ல வழி. ஆனால் பிஎஸ் 5-ஐ இதில் போட்டுப் பாருங்கள். 2021-22-க்கு சோனியின் இலக்கு 1.48 கோடி, போனது 1.15 கோடி. விகிதம் 0.78. 3டிஎஸ்ஸை விடக் கீழே. அந்த ஆண்டு பிஎஸ் 5 கேட்பாரற்றுக் கிடந்ததா? சிப் தட்டுப்பாடு, பெட்டியே கிடைக்கவில்லை. இந்தியாவில் 2021 பிப்ரவரி 2-ல் 49,990 ரூபாய்க்கு வந்தபோது முன்பதிவு நேரத்துக்கு லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். பக்கம் திறப்பதற்குள் முடிந்துவிட்டது.

அதனால் இலக்கைத் தொடாதவற்றை இரண்டாகப் பிரியுங்கள்: வாங்க ஆள் இல்லாதது ஒரு வகை, வாங்கப் பொருள் இல்லாதது இன்னொரு வகை. வாங்கியவர்கள் திரும்ப விற்கும் விலை, கடை விலைக்கு மேலே நிற்கிறதா கீழே நிற்கிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

பதில் 2: டொரன்டோ_ராத்திரி

கேம் விற்பனையையும் சேருங்கள் தம்பி. 2017 மார்ச்சில் அமெரிக்காவில் 9.06 லட்சம் ஸ்விட்ச் விற்றன, அதற்கான புது செல்டா கேம் 9.25 லட்சம் பிரதி விற்றது. மெஷின் இன்னும் கையில் வராதவர்கள்கூட கேமை வாங்கி வைத்துவிட்டார்கள். வீ யூ பெட்டி அடுக்கின் மேல் நின்று எத்தனை கேம் விற்றோம் என்று நினைத்தால் இப்போதும் கவலையாக இருக்கிறது. அருமையான மெஷின் அது.

மூன்றாம்_செமஸ்டர்

71-ஐத் திருத்திவிட்டேன். அது என் அவசரம்தான், இனி ஒவ்வொரு வரிசைக்கும் பக்கத்தில் அலகையும் எழுதுகிறேன். 9 நெடுவரிசையை 3 ஆக்கினேன்: இலக்கு விகிதம், தட்டுப்பாடா தேக்கமா, முதல் ஆண்டில் விலை குறைந்ததா. மொத்த விற்பனையை எண்ணாகச் சொல்வதை விட்டுவிட்டு ஓடும், தப்பிக்கும், ஓடாது என்று மூன்று கூடைகளாகப் பிரித்தேன். பத்தில் எட்டு சரியாக விழுகிறது. டிரீம்காஸ்ட் இன்னும் அடங்கவில்லை. அமெரிக்காவில் 24 மணி நேரத்தில் 2,25,132 விற்ற கன்சோலை, ஒன்றரை ஆண்டு முடிவதற்குள் நிறுத்தப்போவதாக அறிவித்துவிட்டார்கள்.

ஒரு சந்தேகம் மட்டும். முழு நிதியாண்டு முடியும்வரை காத்திருந்தால் அது கணிப்பா?

பதில் 3: கட்டம்_போட்ட_நோட்டு

சரியான கேள்வி. ஆண்டு நடுவில் இலக்கை எந்தப் பக்கம் திருத்துகிறார்கள் என்று பாருங்கள். ஸ்விட்சுக்கு 2017 அக்டோபரிலேயே 1 கோடியை 1.4 கோடி ஆக்கினார்கள். வெளியாகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

சோதித்துப் பார்க்க ஸ்விட்ச் 2 இருக்கிறது. 2025 ஜூன் 5-ல் 449.99 டாலருக்கு வந்தது. முதல் நான்கு நாளில் 35 லட்சம், செப்டம்பர் கடைசிக்குள் 1.036 கோடி. நவம்பரில் இலக்கை 1.5 கோடியிலிருந்து 1.9 கோடிக்கு ஏற்றினார்கள். அதை ஷீட்டில் சேர்க்காமல் தனியே வைத்து, உங்கள் மூன்று நெடுவரிசை எந்தக் கூடையில் போடுகிறது என்று பார்த்து, இன்றைய தேதியோடு முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். டிரீம்காஸ்டுக்கு நான்காவதாக ஒரு நெடுவரிசை வேண்டும், கம்பெனி கையில் அப்போது எவ்வளவு பணம் மிச்சம் இருந்தது என்று. சேகாவின் அந்த ஆண்டுகளின் நஷ்டக் கணக்கு என்னிடம் இருக்கிறது, இன்று இரவு இங்கேயே போடுகிறேன்.