அறிவியல் எழுத்தாளருக்கு எச்-இண்டெக்ஸ் பார்க்கலாமா?

கெடிலக்கரை:
புதுச்சேரியில் ஒரு கல்லூரி, தமிழில் அறிவியல் எழுதவும் எழுதச் சொல்லித்தரவும் ஆள் எடுக்கிறது. எங்கள் கடலூர்க்காரர் ஒருவர் விண்ணப்பித்திருந்தார். பல வருடங்களாகப் பத்திரிகைகளில் அறிவியல் எழுதுகிறவர். நேர்காணலில் அவரிடம் கேட்ட முதல் கேள்வியே, "உங்கள் எச்-இண்டெக்ஸ் எவ்வளவு?" ஆய்வுக் கட்டுரைகளை மற்றவர்கள் எவ்வளவு மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துப் போடும் எண் அது. ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் அவர் பெயரே வராது. அதோடு பேச்சு முடிந்துவிட்டது. பெரிய அநியாயமாகப் படுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

காலாப்பட்டு நூலகர்:
கோபம் நியாயம்தான் தோழர். ஆனால் எண்ணே வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எண் இல்லாத இடத்தில் சிபாரிசு வந்து உட்கார்ந்துகொள்ளும். எச்-இண்டெக்ஸ் 2005இல் ஹோர்கே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு. கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கைப்படி அடுக்குங்கள். 40, 12, 9, 4, 1 என்று இருந்தால், நான்காவது கட்டுரைக்கு 4 மேற்கோள் இருக்கிறது, ஐந்தாவதற்கு 5 இல்லை. அதாவது குறைந்தது 4 மேற்கோள் பெற்ற கட்டுரைகள் 4. ஆகவே எச் 4. வெறுமனே எழுதிக் குவித்து ஏமாற்ற முடியாது. யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம்.

கெடிலக்கரை:
ஒரே ஒரு கட்டுரை எழுதி, அதற்கு 4,000 மேற்கோள் இருந்தாலும் எச் 1தானே சார்? தொல்லுயிரியல் ஆய்வாளரும் ஜனரஞ்சக எழுத்தாளருமான ஸ்டீபன் ஜே கூல்டை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் மறைந்த 2002இல் மைக்கேல் ஷெர்மர் என்ற அறிவியல் எழுத்தாளர் அவர் எழுத்து முழுவதையும் எண்ணினார். 22 புத்தகங்கள், 101 நூல் மதிப்புரைகள், 479 அறிவியல் கட்டுரைகள், நேச்சுரல் ஹிஸ்டரி இதழில் 300 பத்திகள். ஒரு கூட்டுத்தொகையோடு நிற்கவில்லை. வகை பிரித்தார், கூல்ட் எந்தப் பொருளில் எவ்வளவு எழுதினார் என்று பார்த்தார். அந்த 300 பத்திகளும் 1974 முதல் 2001 வரை வாசகருக்காக எழுதியவை. அவற்றை எச்-இண்டெக்ஸில் தேடினால் என்ன கிடைக்கும்?

காலாப்பட்டு நூலகர்:
கூல்ட் என் பக்கத்துச் சாட்சி! ஷெர்மர் உட்கார்ந்து எண்ணியதால்தானே நீங்கள் இதைச் சொல்ல முடிகிறது? தொலைக்காட்சியில் அறிவியல் சொன்ன வானியலாளர் கார்ல் சேகனையும் பாருங்கள். 1992இல் அமெரிக்க தேசிய அறிவியல் அகாதமி அவரை உறுப்பினராக ஏற்கவில்லை. தொலைக்காட்சிக்காரர், ஆழமில்லாதவர் என்ற பேச்சு அவரைச் சுற்றி இருந்தது. அவருடைய ஆய்வுக் கட்டுரைகளோ நூற்றுக்கணக்கில். ஜனரஞ்சகமாக எழுதுகிறவர் மேல் விழும் பழியைத் துடைக்க எண்ணிக்கை உதவும். அதே அகாதமி 1994இல் மக்கள் நலப் பதக்கம் கொடுத்தது. உறுப்பினர் இடம் மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை.

பரங்கிப்பேட்டை:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். மேற்கோள் என்றாலே பாராட்டு என்று இருவரும் எடுத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது. எங்கள் ஊர்க் கதையைக் கேளுங்கள். சுனாமிக்குப் பிறகு 2005இல் கதிரேசன், ராஜேந்திரன் என்ற ஆய்வாளர்கள் இந்தக் கரையோரத்து 18 குப்பங்களை ஆராய்ந்து, அலையாத்திக் காடு சேதத்தைக் குறைத்தது என்று எழுதினார்கள். உலகம் முழுக்க எடுத்தாண்டார்கள். மறு வருடமே வேறு மூன்று ஆய்வாளர்கள் அதே தரவைத் திரும்பக் கணக்கிட்டு, கடலிலிருந்து எவ்வளவு தூரம், நிலம் எவ்வளவு மேடு என்பவைதான் பெரும்பகுதியை விளக்குகின்றன, காட்டின் பங்கு சொற்பம் என்று மறுப்பு எழுதினார்கள். அந்த மறுப்பும் மூலக் கட்டுரைக்கு ஒரு மேற்கோள்தான்! ஒத்துக்கொண்டவர், மறுத்தவர், முன்னுரையில் சும்மா பெயர் சேர்த்தவர் எல்லாரும் ஒரே கணக்கில் வருகிறார்கள். இந்தச் சண்டையைப் பிச்சாவரத்தில் படகு ஓட்டுகிறவருக்கும் புரியும்படி ஒருவர் தமிழில் எழுதினால் அதற்கு மதிப்பெண் பூஜ்யம். எனக்கு ஆறவில்லை.

முத்தியால்பேட்டை ஆசிரியை:
பூஜ்யம் வருவதற்குக் காரணமும் இருக்கிறது. நம் பழைய பிடிஎஃப்கள் பல பாமினி போன்ற எழுத்துருவில் அடித்தவை. கண்ணுக்குக் 'கடல்' என்று தெரியும். உள்ளே இருப்பதோ எஃப், எல், ஒய் என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். தேடுபொறி அதைக் கடல் என்று எப்படி அறியும்? அப்புறம் இனிஷியல். தமிழில் ஒரு மாதிரி, ஆங்கிலத்தில் வேறு மாதிரி, ஒரே ஆள் மூன்று ஆளாகிவிடுகிறார். நம் கட்டுரைகளின் முடிவில் மேற்கோள் பட்டியல் போடும் வழக்கமும் குறைவு. தமிழ் அறிவியல் எழுத்தின் முன்னோடி பெ.நா. அப்புசாமியிடமிருந்து எத்தனை பேர் எடுத்து எழுதியிருக்கிறார்கள்! பெயர் போட்டவர்கள் எத்தனை பேர்?

எண்ணத்தான் வேண்டுமென்றால் நூலகப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறங்கள் அண்ணா. தேதிச் சீட்டு ஒட்டியிருக்கும். வரிசையாக ஊதா முத்திரை, இடம் போதாமல் அதன்மேல் இன்னொரு சீட்டு. படித்தவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

காலாப்பட்டு நூலகர்:
நல்ல யோசனைம்மா. பிரிட்டனில் 1979இல் இதற்குச் சட்டமே போட்டார்கள். பொது நூலகத்தில் புத்தகம் எத்தனை முறை இரவல் போகிறது என்று மதிப்பிட்டு எழுத்தாளருக்குப் பணம் தருகிறார்கள். ஆனால் இங்கே, அரசு நூலகங்களுக்கு வாங்கச் சொல்லும் நூலக ஆணை கிடைத்த புத்தகம்தான் அலமாரிக்கே வரும். கிடைக்காதவர் எவ்வளவு நன்றாக எழுதினாலும் அவருக்கு முத்திரை விழாது. அந்த எண்ணிலும் ஓட்டை இருக்கிறது.

என் கருத்து இதுதான். ஆய்வுக் கட்டுரை, புத்தகம், பத்திரிகைக் கட்டுரை மூன்றையும் தனித்தனியாக எண்ணுங்கள், கூட்டாதீர்கள். விண்ணப்பிப்பவர் தன் சிறந்த ஐந்தைத் தரட்டும், குழு அதைப் படிக்கட்டும். ஆய்வாளர் விஷயத்திலேயே ஓர் இதழின் கட்டுரைகளுக்குச் சராசரியாக எத்தனை மேற்கோள் என்று காட்டும் இம்பாக்ட் ஃபேக்டரை வைத்து ஆளை எடைபோடாதீர்கள் என்று 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் அறிக்கை எழுதிவிட்டார்கள். பத்திரிகையில் எழுதுகிறவருக்கு இன்னும் கடுமையான தராசு எதற்கு?

கெடிலக்கரை:
ஐந்து கட்டுரைக்கு ஒத்துக்கொள்கிறேன் சார். எண்ணிக்கைக்கு இன்னும் இல்லை. எண் ஒன்று கையில் இருந்தால் குழுவில் ஒருவரும் கட்டுரையைப் பிரிக்க மாட்டார்கள். அந்த நேர்காணலில் அவர் ஒரு பை நிறையப் பத்திரிகை நறுக்குகள் கொண்டுபோனார். யாரும் வாங்கிப் பார்க்கவில்லை.

முத்தியால்பேட்டை ஆசிரியை:
அந்த நறுக்குகளை என்னிடம் தரச் சொல்லுங்கள். பிள்ளைகளை வைத்து யூனிகோடில் தட்டச்சு செய்து, இதழ், தேதி, பக்கத்தோடு இணையத்தில் ஏற்றிவிடலாம். அடுத்த விண்ணப்பத்துக்குள் முடியும்.