மறு: எர்கோனாமிக்ஸுக்குப் பணிச்சூழலியல் போதாதா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். வேலையையும் கருவிகளையும் மனித உடம்புக்கு ஏற்றபடி அமைக்கும் துறைதான் எர்கோனாமிக்ஸ். அதற்குப் 'பணிவாகு' என்று நான் முன்மொழிந்ததற்கு வந்த மறுப்புகளுக்கு இது பதில்.

> பணிச்சூழலியல் ஏற்கெனவே புழங்குகிறது. இன்னொரு சொல் எதற்கு?

அண்ணா, நீங்கள் கேட்பது நியாயம்தான். புழங்கும் சொல்லைக் கலைக்க எனக்கும் ஆசையில்லை. ஆனால் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குக் கையேடு மொழிபெயர்த்தபோது அந்தச் சொல் காலை வாரிவிட்டது. அட்டையில் 'பணிச்சூழலியல்' என்று போட்டு அனுப்பினேன். சூப்பர்வைசர் போனில், "சாயத்தண்ணி பத்தின புஸ்தகங்களா இது?" என்றார். அவர்மேல் தப்பில்லை. சூழலியல் என்றால் அந்த ஊரில் நொய்யலும் சாயக்கழிவும்தானே நினைவுக்கு வரும்.

சரி, நேரில் போய்ப் பார்ப்போம் என்று போனேன். செக்கிங் பகுதியில் எல்லாருக்கும் ஒரே உயர மேசை. கடைசி மேசையில் நின்ற அக்கா குள்ளம். மேசை அவர் நெஞ்சுக்கு வந்தது. இரண்டு செங்கல் மேல் ஒரு பலகையைப் போட்டு ஏறி நின்று துணியைப் புரட்டிக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன். "இப்பத்தானுங்க வாகா இருக்குது. தோள் நோவுச்சுன்னா கண்ணு துணி மேல நிக்குமுங்களா? ஓட்டையெல்லாம் தப்பிப் போயிரும்."

உடல்நலம், உற்பத்தி இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். நான் இருபது பக்கம் எழுதியிருந்தேன்.

அந்த 'வாகு'தான் நாம் தேடும் சொல் என்று நினைக்கிறேன். உடல்வாகு என்கிறோம், வாகாக உட்கார் என்கிறோம். உடம்பின் அமைப்பும் அதற்கு ஏற்ற வசதியும் ஒரே சொல்லில் கிடைக்கின்றன. 'தோது' நல்ல சொல்தான், ஆனால் அதில் உடம்பு இல்லை. பஸ் நேரம்கூடத் தோதாக இருக்கும். 'வாட்டம்' எனக்கு ரொம்பப் பிடித்தது, கைக்கு வாட்டமாக என்று தச்சர்கள் சொல்வது. ஆனால் முகவாட்டமும் கூடவே வந்துவிடுகிறது.

> 'பணிவாகு' என்பதைப் பணிவு + ஆகு என்றுதான் நான் முதலில் படித்தேன்!

அம்மா, வாய்விட்டுச் சிரித்தேன். தொழிலாளிக்கான கையேட்டின் அட்டையிலேயே 'பணிவாகு' என்று போட்டிருந்தால் முதலாளிக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்கும். அதைக் கைவிட்டேன். இப்போது என் முன்மொழிவு 'வேலைவாகு', துறைக்கு 'வாகியல்'. 1857இல் போலந்து அறிஞர் யஸ்ட்ஷெம்போவ்ஸ்கி கிரேக்கத்தின் 'எர்கோன்', 'நோமோஸ்' இரண்டையும் ஒட்டித்தான் இந்தப் பெயரை வைத்தார். எர்கோன் என்றால் வேலை, நோமோஸ் என்றால் விதி. ஆகவே மூலத்தை விட்டும் விலகவில்லை.

> வெளிச்சம், வெப்பம், இரைச்சல் எல்லாம் சூழல்தானே? வாகு என்றால் மேசை நாற்காலியோடு நின்றுவிடாதா?

இதுதான் வலுவான மறுப்பு, இரண்டு நாள் யோசித்தேன். 2004இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஆலன் ஹெட்ஜ் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் செய்த ஆய்வைப் பாருங்கள். அறை வெப்பத்தை 20 டிகிரியிலிருந்து 25க்கு ஏற்றியதும் தட்டச்சுப் பிழைகள் 44 சதவீதம் குறைந்தன. திருப்பூர்த் தகரக் கூரையின் கீழே ஏற்றச் சொன்னால் அடிக்க வருவார்கள். அங்கே இறக்க வேண்டும். எத்தனை டிகிரி நல்லது என்பதை உடம்புதான் சொல்கிறது. சூழல் என்பது சுற்றியிருப்பதன் பெயர், வாகு என்பது அது உடம்போடு ஒத்துப்போவதன் பெயர். 'வாகான வெளிச்சம்' என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு தடுக்கவில்லை.

சட்டத்துக்கும் இந்தச் சொல் உதவும். ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்றே விற்ற பெண்கள் போராடி, 2018இல் கேரளத்தில் உட்காரும் உரிமை வந்தது. 2021இல் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்தது. தொழிற்சாலைகளுக்கோ 1948 சட்டத்தின் 44ஆம் பிரிவிலேயே எழுதிவைத்திருந்தார்கள். இங்கெல்லாம் வரும் இருக்கையைப் 'பொருத்தமான' என்று பெயர்த்தால் மூலையில் கிடக்கும் முக்காலியும் பொருந்திவிடும். 'வாகான இருக்கை' என்றால் யாருக்கு வாகு என்ற கேள்வி உடனே வரும்.

கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அட்டையில் 'வேலைவாகு', கீழே சின்ன எழுத்தில் எர்கோனாமிக்ஸ். மறுப்பு இருந்தால் வியாழனுக்குள் எழுதுங்கள்.

பி.கு.: அந்த அக்காவின் பலகையை எடுத்துவிட்டார்களாம். ஆடிட் வருகிறதாம்; யாராவது தடுக்கி விழுந்துவிடுவார்களாம். மேசை அதே உயரத்தில்தான் இருக்கிறது.