கிளட்ச் பெடல் தரைவரை அமிழ்ந்துவிடுகிறது: கியர் பாக்ஸை இறக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: பயணப்பிரியன்

வணக்கம். எங்கள் வீட்டிலிருப்பது ஹைட்ராலிக் கிளட்ச் (ஆயில் அழுத்தத்தால் இயங்குவது) கொண்ட, ஓரளவு பழைய சிறிய பெட்ரோல் கார். சில வாரங்களாகவே முதல் கியரும் ரிவர்ஸும் விழ அடம்பிடித்தன. நேற்று சிக்னலில் நின்றபோது, பெடல் எந்த எதிர்ப்பும் காட்டாமல் தரைவரை சென்று அங்கேயே தங்கிவிட்டது. காலால் அதை மேலே தூக்கி, விரைவாகச் சில முறை மிதித்தால் சற்று அழுத்தம் கிடைக்கிறது, கியரும் விழுகிறது. ஆனால் மிதித்தபடியே வைத்திருந்தால் வண்டி தானாக முன்னே ஊர்கிறது. இன்ஜினை அணைத்துவிட்டால் எல்லாக் கியர்களும் எளிதாக விழுகின்றன.

பட்டறையில் பார்த்தவர், கிளட்ச் தேய்ந்துவிட்டது, கியர் பாக்ஸை இறக்கிக் கிளட்ச் பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், அந்தப் பிடியைத் தளர்த்தும் ரிலீஸ் பேரிங் மூன்றையும் மாற்ற வேண்டும் என்கிறார். மேட்டில் ஏறும்போது இன்ஜின் மட்டும் இரைந்து வேகம் கூடாத நிலை இதுவரை வந்ததில்லை. பிரேக் ஆயில் டப்பாவில் அளவு குறைந்திருப்பதையும் கவனித்தேன். அவ்வளவு பெரிய வேலைக்குச் சம்மதிக்கும் முன் நான் எதைச் சோதிக்க வேண்டும்?

மறுமொழி: கருவிப்பெட்டி

வணக்கம் ஐயா. நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகள் தேய்ந்த பிளேட்டுக்குரியவை அல்ல. பிளேட் தேய்ந்தால் கிளட்ச் வழுக்கும்: ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் சுற்று ஏறும், வண்டி ஏறாது. உங்களுக்கு நேர்வது அதற்கு நேர்மாறானது. கிளட்ச் முழுமையாக விலகுவதில்லை. பிளேட்டை விலக்கும் அழுத்தம் வழியில் எங்கோ தொலைகிறது. அது எங்கே என்று கண்டறியும் முன் கியர் பாக்ஸைத் தொடுவதை நான் ஏற்கமாட்டேன்.

பெடலுக்குப் பின்னால் இருக்கும் மாஸ்டர் சிலிண்டர் பிரேக் ஆயிலைக் குழாய் வழியாகத் தள்ளுகிறது. கியர் பாக்ஸ் அருகிலுள்ள ஸ்லேவ் சிலிண்டர் அந்த அழுத்தத்தைப் பெற்று, ஃபோர்க் எனும் நெம்புகோலை நகர்த்திக் கிளட்சை விலக்குகிறது. ஆகவே கசிவைத் தேட வேண்டிய இடங்கள் சிலவே. முதலில் ஓட்டுநர் காலடியில் உள்ள மிதியடியை விலக்கி, பெடல் தண்டு இன்ஜின் பக்கத் தடுப்புச் சுவருக்குள் நுழையும் இடத்தை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். அங்கே ஈரம் இருந்தால் மாஸ்டர் சிலிண்டரின் பின்புற சீல் போய்விட்டது என்று பொருள். அடுத்து, ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை மெல்ல விலக்குங்கள். உள்ளிருந்து ஆயில் வழிந்தால் குற்றவாளி அதுவே. இரண்டும் உலர்ந்திருந்து, கியர் பாக்ஸும் இன்ஜினும் சேரும் இடத்தின் அடியில் சொட்டினால், அதை விரலால் தொட்டுப் பாருங்கள். இன்ஜின் ஆயில் பிசுபிசுப்பாகவும் கருமையாகவும் இருக்கும். பிரேக் ஆயில் நீர்த்ததாக இருக்கும், தண்ணீரில் கழுவினால் போய்விடும்.

வெளியே எங்கும் கசியாமலேயே மாஸ்டர் சிலிண்டர் பழுதாவதும் உண்டு. உள்ளே இருக்கும் ரப்பர் கப் தேய்ந்தால், ஆயில் அதைத் தாண்டிப் பின்னோக்கி ஒழுகும். அப்போது சீராக மிதித்தபடி இருக்கும்போதே பெடல் மெதுவாக இறங்கும், பல முறை மிதித்தால் மீளும். காற்று புகுந்திருந்தாலும் ஏறக்குறைய இதே உணர்வு வரும். ஆனால் அப்போது பெடல் பஞ்சுபோல் இருக்கும்.

மறுமொழி: மலைப்பாதை

மேலே சொன்னதோடு இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன். முதலாவது, பல சிறிய கார்களில் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே டப்பாவிலிருந்துதான் ஆயில் செல்கிறது. கிளட்சுக்கான வாய் சற்று உயரத்தில் வைக்கப்பட்டிருப்பதால், அளவு குறையும்போது முதலில் கிளட்சே பாதிக்கப்படும், பிரேக்குக்கு ஆயில் எஞ்சியிருக்கும். ஆனாலும், குறைந்த ஆயில் கிளட்ச் வழியாகத்தான் போயிற்று என்று உறுதிப்படும்வரை வண்டியைச் சாலைக்கு எடுத்துச் செல்ல வேண்டாம்; நான்கு சக்கரங்களின் உட்புறத்தையும் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது, உங்கள் வண்டியில் ஸ்லேவ் சிலிண்டர் வெளியே இருக்கிறதா, ரிலீஸ் பேரிங்கோடு சேர்ந்து கியர் பாக்ஸுக்குள் இருக்கிறதா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். உள்ளே இருப்பது கசிந்தால் கியர் பாக்ஸை இறக்காமல் வழியில்லை. அப்படி இறக்க நேர்ந்தால், அதே கூலியில் பிளேட்டையும் பிரஷர் பிளேட்டையும் மாற்றிவிடுவது அறிவுடைமை. அந்த ஒரு நிலையில் மட்டும் உங்கள் பட்டறைக்காரரின் யோசனை சரியாக இருக்கும்.

கேட்டவர்: பயணப்பிரியன்

இருவருக்கும் மிக்க நன்றி. ஸ்லேவ் சிலிண்டர் வெளியேதான் இருக்கிறது, அதன் உறை உலர்ந்திருக்கிறது. சக்கரங்களிலும் ஈரமில்லை. ஆனால் பெடல் தண்டைத் துடைத்த துணி நனைந்து கறுத்தது. மிதியடியின் அடியில் வண்ணப்பூச்சும் உப்பியிருக்கிறது. கடையில் ரப்பர் கிட் மட்டும் தனியாகக் கிடைக்கிறது, விலை மிகக் குறைவு. அதை மாற்றினால் போதுமா?

மறுமொழி: கருவிப்பெட்டி

அப்படியானால் மாஸ்டர் சிலிண்டர்தான், ஐயா. கிட் போதுமா என்பது சிலிண்டரின் உட்சுவரைப் பொறுத்தது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நெடுநாள் மாற்றாத ஆயில் உட்சுவரில் அரிப்பை உண்டாக்கும். அந்தக் குழிகளில் உரசும் புது ரப்பரும் விரைவில் கிழியும். கழற்றியபின் சுவர் கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தால் கிட் போடலாம். நகத்தில் ஒரு கீறல் தட்டுப்பட்டாலும் முழுச் சிலிண்டரை மாற்றுங்கள். உங்கள் துணி கறுத்ததைப் பார்த்தால் ரப்பர் அரைபட்டிருக்கிறது. எனவே முழுச் சிலிண்டரையே நான் பரிந்துரைப்பேன்.

வண்டியிலுள்ள ஆயில் டப்பாவின் மூடியில் குறிப்பிட்ட தரப் பிரேக் ஆயிலையே, பெரும்பாலும் டாட் 3 அல்லது டாட் 4, புதிதாகத் திறந்த டப்பாவிலிருந்து ஊற்றுங்கள். இன்ஜின் ஆயிலோ மண்ணெண்ணெயோ ஒரு துளி பட்டாலும் சீல்கள் ஊதிக் கெடும், ஆகவே பாகங்களைக் கழுவவும் பிரேக் ஆயிலையே பயன்படுத்துங்கள்.

ஏர் எடுக்கும்போது, அதாவது உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றும்போது, ஒருவர் பெடலில் இருக்க, மற்றவர் ஸ்லேவ் சிலிண்டரின் நிப்பிளில் (காற்றை வெளியேற்றத் திறக்கும் சிறு திருகில்) ஒளி ஊடுருவும் குழாயை மாட்டி, மறுமுனையை ஆயில் உள்ள பாட்டிலில் அமிழ்த்த வேண்டும். பெடல் கீழே இறங்கும்போது நிப்பிள் திறந்திருக்க வேண்டும். அது மேலே வருமுன் மூடப்பட வேண்டும். புதிய மாஸ்டர் சிலிண்டரில் சிக்கிய காற்று இவ்வழியில் முழுதும் வெளியேறாமல் தொல்லை தரலாம். அப்போது டப்பாவில் சிறிது ஆயிலை உறிஞ்சி எடுத்துவிட்டு, பெரிய சிரிஞ்சால் கீழேயுள்ள நிப்பிள் வழியாக ஆயிலை மெதுவாக மேல்நோக்கித் தள்ளுங்கள். இயல்பாக மேலேறும் காற்று ஆயிலோடு சேர்ந்து டப்பாவுக்கு வந்துவிடும்.

மாட்டி முடித்தபின், பெடலை விரலால் அழுத்தி, தண்டு பிஸ்டனைத் தொடுமுன் ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்து, உங்கள் வண்டியின் கையேட்டில் தந்துள்ள அளவுக்குச் சரிசெய்யுங்கள். அந்த இடைவெளி இல்லையென்றால் ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் துளை அடைபட்டு, அழுத்தம் விடுபடாமல் நின்று, இதுவரை வழுக்காத உங்கள் கிளட்ச் அதன்பின் வழுக்கத் தொடங்கிவிடும்.