புதுப்பிப்பு: பழைய லட்விக் ஸ்னேர் டிரம் சரியாகிவிட்டது

எங்கள் களியக்காவிளை சர்ச் குழுவின் 1960களின் லட்விக் சூப்ராபோனிக் 400 ஸ்னேர் டிரம் (அடித்தோலை ஒட்டிக் கம்பிகள் அதிரும் டிரம்) தகர டப்பா மாதிரி ஒலிக்கிறது, மெதுவாக அடித்தால் கம்பி பேசவில்லை என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் கம்பியை மாற்றினேன், பலனில்லை. ‘அடித்தோலைக் கழற்றிப் பாருங்க’ என்று நாகர்கோவில் அண்ணன் சொன்னதுதான் கைகொடுத்தது. யாரோ அடியிலும் குச்சியால் அடிக்கும் கனமான மேல்தோலையே மாட்டியிருந்தார்கள்! 3 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) கனமே உள்ள ஸ்னேர் சைடு தோல், அதாவது அடிப்பக்கத்துக்கான மெல்லிய தோல் போட்டு, 10 திருகையும் எதிரெதிராகக் கால் சுற்று கால் சுற்றாக முறுக்கினேன். இப்போது விரல் நுனியால் தட்டினாலே கம்பி சிலிர்க்கிறது.

எதிர்பாராத ஒன்று: பக்கத்து டாமை (கம்பி இல்லாத டிரம்) அடித்தால் ஸ்னேர் தானாக இரைந்தது. இரண்டும் ஒரே சுருதியில் நின்றிருக்கின்றன. டாமைக் கொஞ்சம் இறக்கினேன், அடங்கிவிட்டது. அப்புறம், ஸ்னேரின் அலுமினிய உடலில் குரோம் பூச்சு புள்ளி புள்ளியாக அரித்திருப்பதை அப்படியே விட்டுவிட்டேன்.