பெடல் ஸ்டீலுக்குப் பாவித்த பேஸ் அம்ப் சரிவருமா?

வணக்கம். கல்லடியில் ஒருவர் பாவித்த பேஸ் அம்ப் (பேஸ் கிட்டாருக்கான அம்ப்ளிபயர்) ஒன்றை விற்கிறார். 100 வாட்ஸ், 15 இஞ்சி ஸ்பீக்கர். என்னிடம் இருப்பது 10 தந்தி, ஈ9 டியூனிங் பெடல் ஸ்டீல் (கிடையாக வைத்து, உருக்குத் துண்டைத் தந்திமேல் நகர்த்தி, பெடல் மிதித்துச் சுருதி மாற்றி வாசிக்கும் கிட்டார் வகை). வொலியூம் பெடலை மிதித்து ஒரு நோட்டை நீட்டினால் என் சின்ன கிட்டார் அம்ப் கரகரக்கிறது. இந்தக் கருவிக்கு உடையாத சுத்தமான சத்தம்தான் உயிர், அதனால்தான் பேஸ் அம்பில் கண்.

ஆனால் அதில் ரிவேர்ப் (எதிரொலி போன்ற விளைவு) இல்லை. ட்வீட்டரை (கீச்சு ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) போட்டால் மேல் தந்திகள் காதைக் குத்துமோ, நிறுத்தினால் மங்கிவிடுமோ என்று யோசனை. 800 ஹேர்ட்ஸ் பக்கம் மிட்டை (நடுத்தர ஒலியை) குறைத்தால் சரிவருமா? ரிவேர்ப் பெடலை வொலியூம் பெடலுக்குப் பிறகு போட்டால் போதும்தானே?

ஞாயிறு போய் வாசித்துப் பார்க்கப் போகிறேன். ஸ்பீக்கர் கோனில் கிழிசல், வொலியூம் திருகும்போது கரகரப்பு, இவை தவிர வேறென்ன பார்க்க வேண்டும்? அனுபவமுள்ள அண்ணாமார், அக்காமார் சொல்லுங்கள். அப்புறம், அம்பாறைப் பக்கம் யாராவது ஸ்டீல் வாசிக்கிறீர்களா?